போர்வெல் 1000 அடி ஒரே நாள்ல முடியுது, எண்ணெய்க் கிணறு 15,000 அடிக்கு மட்டும் ஏன் மாசக்கணக்கு?

கேட்டவர் கணக்கு இதுதான்: திருச்செங்கோடு வண்டி ஒண்ணு வந்தா காலைல ஆரம்பிச்சு ராத்திரிக்குள்ள 1000 அடி போட்டுட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிடுது, அப்போ 15,000 அடிக்கு 15 நாள் போதுமே, எண்ணெய் கம்பெனிக்காரங்க ஏன் ஆறு மாசம் எடுத்துக்கிறாங்க, ஏன் கோடிக்கணக்குல செலவாகுது, பாறை அவ்வளவு கெட்டியா, பெரிய மோட்டாரும் வைர பிட்டும் (பாறையை வெட்டுற முனை) இருந்தா சரியாகிடாதா? எண்ணெய்க் கிணறு துளைக்கிற ரிக்ல மட் எஞ்சினியரா (மட்னா என்னனு கீழ வரும்) வேலை பார்த்தவன்ங்கிறதால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல பாறை விஷயத்தை முடிச்சிடலாம். பாறையை உடைக்கிறது பெரிய பிரச்சனையே இல்ல. சொல்லப்போனா நம்ம கொங்கு பக்கத்து பாறை எண்ணெய் கிடைக்கிற இடத்துல இருக்குற பாறையை விட எவ்வளவோ கெட்டி. எண்ணெய், கேஸ் எல்லாம் பெரும்பாலும் படிவுப் பாறையில, அதாவது மணற்கல், சுண்ணாம்புக்கல், களிமண் இறுகின ஷேல் இதுலதான் இருக்கு. 1909ல அமெரிக்காவுல ஹியூஸ்ங்கிறவர் ரோலர் கோன் பிட்டுக்கு (பல் வச்ச கூம்புகள் உருண்டு பாறையை நொறுக்குறது) பேடன்ட் வாங்கினதுல இருந்து இன்னைக்கு இருக்குற, செயற்கை வைரம் பதிச்ச பிடிசி பிட் வரைக்கும் பாறையை வெட்டுற கருவி நல்லாவே வளர்ந்திடுச்சு, நல்ல ஷேல்ல ஒரு மணி நேரத்துக்கு 30, 40 மீட்டர் கூட இறங்கும். அந்த வேகத்துல போனா 5000 மீட்டர் பத்து நாள்கூட ஆகாது. ஆனா ரிக்ல இருக்குற நாள்ல பாதிக்கும் மேல பிட் பாறையைத் தொடுறதே இல்ல. அந்த மிச்ச நாள் எங்க போகுதுங்கிறதுதான் உங்க கேள்விக்கான பதில்.

போர்வெல்லுக்கும் இதுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒண்ணுதான், போர்வெல் துளை காலியா நிக்கும். கம்ப்ரசர் காத்தை அடிச்சு ஹேமர் பாறையை நொறுக்குது, தூள் மேல வந்துடுது, மேல கொஞ்ச தூரம் மண்ணுக்கு கேசிங் போட்டா போதும், கீழ பாறை தன்னால நிக்கும், உள்ள இருந்து தண்ணி பீய்ச்சி அடிச்சா அதுதான் சந்தோஷம். எண்ணெய்க் கிணத்தை ஒரு நிமிஷம்கூட காலியா விட முடியாது. 5000 மீட்டர் ஆழத்துல பாறை நுண்துளைகள்ல இருக்குற தண்ணியோ கேஸோ சாதாரண நிலைமையிலேயே 490 பார், அதாவது 7000 பிஎஸ்ஐக்கு மேல அழுத்தத்துல இருக்கு, லாரி டயர்ல 100, 120 பிஎஸ்ஐ காத்து அடிக்கிறோம்ல, அதை வச்சு நினைச்சுப் பாருங்க. துளை காலியா இருந்தா அது அத்தனையும் மேல வரும், சுவரும் இடிஞ்சு உள்ள விழும். அதனால முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் துளை முழுக்க, அடியில இருந்து வாய் வரைக்கும், எடை கணக்கு பண்ணின ஒரு திரவம் நிரம்பி நிக்கணும். அதைத்தான் மட்னு சொல்றோம். பேரைப் பார்த்து சேறுனு நினைச்சுடாதீங்க, ஒவ்வொரு கிணத்துக்கும் தனியா பக்குவம் பண்ணி, ஒரு ஷிஃப்ட்ல பல தடவை சோதிச்சு, காசைக் கொட்டி வச்சிருக்குற ரசாயனக் கலவை அது.

அந்த மட் என்னென்ன பண்ணுதுனு பாருங்க: டிரில் பைப்புக்குள்ள கீழ போய் பிட் ஓட்டை வழியா வெளிய வந்து பிட்டைக் குளிர வைக்குது, வெட்டின துகளை பைப்புக்கு வெளிய இருக்குற இடைவெளி வழியா மேல தூக்கிட்டு வருது, மேல ஷேல் ஷேக்கர்ல அது சலிக்கப்பட்டு திரும்ப டாங்குக்குப் போகுது, கீழ இருக்குற மோட்டாரைச் சுத்த வைக்குது, கருவிகள் அளக்குற தகவலைக்கூட அழுத்தத் துடிப்பா மேல அனுப்புறது இந்த மட் வழியாத்தான். எல்லாத்துக்கும் மேல தன் எடையால பாறையில இருக்குறதை உள்ள வர விடாம அழுத்திப் பிடிக்குது. எடை போதலைன்னா பேரைட்னு ஒரு கனமான தாதுப்பொடியைக் கலக்குவோம், தண்ணியை விட நாலு மடங்குக்கு மேல கனம். இதுல நம்ம பக்கத்து வீட்டு சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, உலகத்துலயே ரொம்பப் பெரிய பேரைட் படிவங்கள்ல ஒண்ணு ஆந்திரா கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில இருக்கு, உலகத்துல எங்கெங்கயோ இருக்குற ரிக்குக்கெல்லாம் அங்க இருந்து போகுது.

இப்போ உங்க மனசுல வரும், அப்போ மட்டை நல்லா கனமா வச்சுட்டா பாதுகாப்புதானேனு. இல்ல. இங்கதான் ஆழக் கிணத்தோட மொத்த கஷ்டமும் இருக்கு. மட் கனம் குறைஞ்சா கேஸ் உள்ள வரும், கூடினா பாறை விரிசல் விட்டு மட் பாறைக்குள்ள ஓடிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கு, அதுக்குள்ளதான் நாம ஓட்டணும். மேல 1000, 2000 மீட்டர்ல அந்த இடுக்கு அகலமா இருக்கும். ஆழம் போகப் போக, குறிப்பா டெல்டா மாதிரி இடத்துல, களிமண் ரொம்ப வேகமா படிஞ்சு மேல மேல எடை ஏறி உள்ள இருக்குற தண்ணி வெளிய போக வழியில்லாம மாட்டிக்கிட்டிருக்கும், மேல இருக்குற பாறையோட எடையில ஒரு பங்கை அந்தத் தண்ணியே சுமந்துக்கிட்டிருக்கும். மெக்சிகோ வளைகுடா, நைஜீரியா டெல்டா, நம்ம கிருஷ்ணா கோதாவரி படுகை எல்லாம் இப்படித்தான். அங்க பாறைக்குள்ள இருக்குற அழுத்தம் பாறை விரிசல் விடுற அழுத்தத்துக்குப் பக்கத்துலயே வந்துடும்.

எண்ணா சொல்றேன். 5000 மீட்டர்ல மட் அடர்த்தி (தண்ணியை 1னு வச்சுக்கிட்டா) 1.80க்குக் கீழ போனா கேஸ் வரும், 1.90ஐத் தாண்டினா பாறை விரியும்னு வச்சுக்குவோம். அடியில இது 49 பார் இடுக்கு, சுமார் 700 பிஎஸ்ஐ. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனா பம்பை ஓட விட்டாலே மட் மேல ஏறி வர்ற உராய்வு அடியில இருக்குற அழுத்தத்தைக் கூட்டும், அந்த ஆழத்துல அது சாதாரணமா அடர்த்தி 0.05 கூடின மாதிரி ஆகும், 24 பார். அதாவது பம்பை ஆன் பண்ணி ஆஃப் பண்றதுலயே இடுக்குல பாதி போச்சு. பைப் ஜாயின்ட் போடுறதுக்கு பம்பை நிறுத்தினா கேஸ் எட்டிப் பாக்குது, திரும்ப ஓட்டினா மட் காணாம போகுதுன்னு ரெண்டு பக்கமும் அடி வாங்குற கிணறு நிறைய இருக்கு. மட் பேலன்ஸ் தராசுல எடை பார்த்துட்டு 1.84 இருக்க வேண்டிய இடத்துல 1.82 வந்தா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எழுப்புவாங்க, எழுப்பணும், ஏன்னா அந்த 0.02ங்கிறது அடியில 140 பிஎஸ்ஐ.

இந்த இடுக்கு முடியுற இடத்துலதான் கேசிங். மேல இருக்குற பலவீனமான பாறை இனிமே வரப்போற கனமான மட்டைத் தாங்காதுங்கிறப்போ அதுவரைக்கும் இரும்புக் குழாய் இறக்கி பின்னாடி சிமென்ட் அடைச்சு மூடிடணும். அப்புறம் அந்தக் குழாய்க்குள்ள போற சின்ன பிட்டை எடுத்து மேற்கொண்டு துளைக்கணும். சாதாரணமா 26 இன்ச் துளையில 20 இன்ச் குழாய், 17½ல 13⅜, 12¼ல 9⅝, 8½ல 7, அப்புறம் 6 இன்ச் துளை, இப்படியே சுருங்கிக்கிட்டே போகும். ஒவ்வொரு கேசிங்குக்கும் துளையைச் சுத்தம் பண்ணணும், பைப்பை முழுசா வெளிய எடுக்கணும், ஆயிரக்கணக்கான மீட்டர் குழாயை ஒவ்வொண்ணா முறுக்கி இறக்கணும், சிமென்ட் இறுக காத்திருக்கணும், சோதிக்கணும், ஒரு வாரம் சாதாரணமா போயிடும். திட்டத்துல இல்லாத இடத்துல ஒரு கேசிங் கூடுதலா போட வேண்டி வந்தா அடியில போய்ச் சேரும்போது துளை ரொம்பக் குறுகிடும், சில சமயம் இலக்கை எட்டுறதுக்கு முன்னாடியே போட அளவு மிச்சம் இருக்காது. ஆழக் கிணறுகள் நிறைய இப்படித்தான் நின்னு போகுது. பிட்டால முடியாம நின்னது கம்மி.

அடுத்தது ட்ரிப். பிட் தேய்ஞ்சா மாத்தணும், அதுக்கு மொத்த பைப்பும் வெளிய வரணும். 5 இன்ச் டிரில் பைப் 5000 மீட்டர்னா வெறும் எடையே சுமார் 150 டன், தன் எடையிலேயே மூணு நாலு மீட்டர் நீண்டுக்கும், மேல சுத்த ஆரம்பிச்சு பல சுத்து முறுக்கு ஏறின பிறகுதான் கீழ பிட் அசையும். மூணு பைப் சேர்ந்த ஒரு ஸ்டாண்ட் 28 மீட்டர் வரும், அப்போ 180 ஸ்டாண்ட் கிட்ட ஒவ்வொண்ணா இழுத்து, கழட்டி, ரிக் கோபுரமான டெரிக்ல சாய்ச்சு வைக்கணும், பிட்டை மாத்திட்டு திரும்ப 180ஐயும் இறக்கணும். ஒரு பிட் மாத்த ஒரு நாளுக்கு மேல போயிடும்.

வேகமா இழுக்கலாமேன்னா அதுவும் கூடாது. பைப்பை வெடுக்குனு இழுத்தா கீழ உறிஞ்சல் உண்டாகி அழுத்தம் குறையும், அந்த நொடியில கேஸ் உள்ள வரும். வேகமா இறக்கினா அழுத்தம் கூடி பாறை விரியும். அதனால ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. டிரில்லர் நாற்காலியில உக்காந்து பைப்பை இழுக்கும்போது அவர் கண்ணு முக்கால்வாசி நேரம் துளைக்கு மட் ஊத்துற ட்ரிப் டாங்கோட அளவு மேல இருக்கும். வெளிய வந்த இரும்போட கன அளவுக்குச் சரியா அவ்வளவு மட் துளைக்குள்ள போகணும். அஞ்சு ஸ்டாண்ட் எடுத்தா இவ்வளவு லிட்டர் உள்ள போகணும்னு ஒரு பேப்பர் இருக்கும், ஒவ்வொரு தடவையும் எழுதி ஒப்பிடுவாங்க. போக வேண்டியதை விடக் குறைவா போச்சுன்னா அந்த இடத்தை வேற ஏதோ நிரப்பிடுச்சுன்னு அர்த்தம். அப்போ இழுக்குறதை நிறுத்தி, வால்வை மாட்டி, மட் தானா வழியுதான்னு வாயில டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. ரிக்ல இருக்குற எந்த கம்ப்யூட்டரை விடவும் அந்தப் பேப்பர்ல ஒழுங்கா எழுதுற ஆள் மேல எனக்கு மதிப்பு அதிகம்.

இப்படி உள்ள வர்றதுக்குப் பேரு கிக். கேஸ் கிக்கோட ஆபத்து என்னன்னா அது அடியில இருக்கும்போது அழுத்தத்துல சுருங்கிக் கொஞ்சமாத்தான் இருக்கும், மேல ஏற ஏற விரியும், வாய்க்கு வரும்போது சில நூறு மடங்கு ஆகியிருக்கும், அதுலயும் பெரும்பகுதி விரிவு கடைசி கொஞ்ச தூரத்துலதான் நடக்கும். எண்ணெய் அடிப்படையிலான மட் போட்டிருந்தா இன்னும் மோசம், அந்த ஆழத்து அழுத்தத்துல கேஸ் மட்டுக்குள்ளயே கரைஞ்சு ஒளிஞ்சுக்கும், டாங்க் அளவுல பெருசா தெரியாது, மேல வந்து அழுத்தம் குறைஞ்சதும் மொத்தமா வெளிய வரும். கிணத்து வாயில இருக்குற பி.ஓ.பி.ங்கிற, கிணறு பீறிடாம தடுக்குற வால்வை மூடி, சோக்ங்கிற சின்ன திறப்பு வழியா அளந்து அளந்து வெளிய விட்டு, கனமான மட்டை உள்ள இறக்கிக் கட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்குத்தான் ரிக் ஆளுங்களுக்கு வருஷக்கணக்கா பயிற்சி.

2010 மெக்சிகோ வளைகுடா மகோண்டோ கிணத்தை எல்லாருக்கும் தெரியும், ஆனா அது இந்த இடுக்கோட கதைங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது. அங்க கடல் ஆழமே சுமார் 1500 மீட்டர். அந்த 1500 மீட்டருக்குப் பாறை இருக்க வேண்டிய இடத்துல தண்ணி இருக்குறதால கீழ இருக்குற பாறையோட தாங்கு சக்தி குறைவு, இடுக்கு இன்னும் ஒடுங்கும். அடியில மட் பாறைக்குள்ள ஓட ஆரம்பிச்சதும் மேற்கொண்டு போக முடியாதுன்னு திட்டமிட்டதுக்கு முன்னாடியே 18,360 அடியில நிறுத்தினாங்க. சிமென்ட் கனமா இருந்தா பாறை விரியும்னு நைட்ரஜன் நுரை கலந்த லேசான சிமென்ட் போட்டாங்க, அது பிடிக்கல. அப்புறம் ரிக்கைக் கிளப்புறதுக்காக ஏப்ரல் 20ஆம் தேதி மேல்பகுதி மட்டை எடுத்துட்டுக் கடல் தண்ணியை நிரப்பினாங்க, அதாவது 1.7 அடர்த்தி இருந்த இடத்துல 1.03. அதுக்கு முன்னாடி சிமென்ட் பிடிச்சிருக்கானு ஒரு சோதனை பண்ணினாங்க, டிரில் பைப்புல 1400 பிஎஸ்ஐ காட்டுச்சு, அதே கிணத்துக்குள்ள போற பக்கத்து லைன்ல சைபர் காட்டுச்சு. 1400ங்கிறது கீழ இருந்து கிணறு தள்ளுது, சிமென்ட் அடைக்கலைங்கிறதுக்கு நேரடி சாட்சி. அதுக்கு வேற ஒரு விளக்கம் சொல்லிக்கிட்டு, சைபர் காட்டுன லைனை நம்பினாங்க. ராத்திரி பத்து மணிக்கு முன்னாடி கேஸ் மேல வந்து வெடிச்சது, 11 பேர் போயிட்டாங்க. பி.ஓ.பி.ல பைப்பை வெட்டி மூட வேண்டிய கத்தி, பைப் வளைஞ்சு ஓரமா ஒதுங்கியிருந்ததால முழுசா வெட்டல. 87 நாள் எண்ணெய் கடல்ல கொட்டுச்சு. நம்ம நாட்லயும் 1995 ஜனவரியில கோதாவரி பக்கம் பாசர்லபூடியில ஒரு கிணறு வெடிச்சு 65 நாள் எரிஞ்சது, 2020ல அசாம் பாக்ஜான்ல மே மாசம் வெடிச்ச கிணத்தை நவம்பர்லதான் முழுசா அடக்க முடிஞ்சது, தீயணைப்பு ஊழியர்கள் ரெண்டு பேர் இறந்தாங்க. பாக்ஜான் புதுசா துளைச்சுக்கிட்டிருந்த கிணறு கூட இல்ல, ஓடிக்கிட்டிருந்த கிணத்துல பராமரிப்பு வேலை.

பைப் மாட்டிக்கிறதைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா நாள் நிறைய அதுல போகும். மணற்கல் பகுதியில பைப் அசையாம கொஞ்ச நேரம் சுவர்ல சாய்ஞ்சு நின்னா, மட் அழுத்தம் பாறை அழுத்தத்தை விட அதிகமா இருக்குறதால, பம்ப் உறிஞ்சுற குழாய்ல கையை வச்சா கை ஒட்டிக்குமே அப்படி ஒட்டிக்கும். பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் ஒட்டினா ஒரு சதுர மீட்டர், வித்தியாசம் 70 பார்தான்னாலும் அமுக்குற விசை 700 டன். அதுல அஞ்சுல ஒரு பங்கு உராய்வுன்னாகூட பைப்போட சொந்த எடைக்கு மேல இன்னும் 140 டன் இழுத்தாத்தான் வரும், பைப் தாங்குற அளவு அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடலாம். ஜார்னு ஒரு கருவி வச்சு கீழயே சம்மட்டி அடி மாதிரி அடிப்போம், எண்ணெயை ஊற விடுவோம், வரலைன்னா வெடி வச்சு மேல் பகுதியைக் கழட்டிட்டு மிச்சத்தைத் தூண்டில் போட்டு எடுக்குற மாதிரி எடுக்கப் பார்ப்போம், அந்த வேலைக்குப் பேரே ஃபிஷிங்தான். அதுவும் ஆகலைன்னா சிமென்ட் போட்டு மூடிட்டு பக்கவாட்டுல புதுசா துளைக்கணும். ரஷ்யாவுல கோலா கிணறு 1984ல 12,066 மீட்டர்ல இருக்கும்போது பைப் அறுந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளயே நின்னுடுச்சு, 7000 மீட்டர் கிட்ட இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க, பழைய ஆழத்தை எட்டவே வருஷக்கணக்காச்சு.

அப்புறம் சூடு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சாதாரணமா 25, 30 டிகிரி கூடும். 150 டிகிரியைத் தாண்டினாலே எங்க பாஷையில ஹை டெம்பரேச்சர் கிணறு, அங்க ரப்பர் சீல் கெட்டுப்போகும், மட்ல இருக்குற பாலிமர் வெந்து போகும், மட் தடிச்சு ஜெல்லாகும் இல்லன்னா நீர்த்துப்போய் பேரைட் அடியில படிஞ்சிடும், படிஞ்சா மேல ஒரு எடை கீழ ஒரு எடைன்னு முன்னாடி சொன்ன கணக்கு மொத்தமும் பொய்யாகும். பிட்டுக்குப் பின்னாடி இருக்குற அளவைக் கருவிகள்ல இருக்குற எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் 150, நல்லது 175 டிகிரி வரைக்கும்தான். அது போயிட்டா எந்தத் திசையில போறோம், எந்தப் பாறையில இருக்கோம்னே தெரியாது. வேலை செய்யுற வரைக்கும்கூட மட் வழியா நொடிக்கு சில பிட் (கம்ப்யூட்டர் கணக்குல வர்ற 0, 1) தகவல்தான் மேல வரும், வெட்டின துகளைப் பார்க்கலாம்னா அது அடியில இருந்து மேல வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நாம பாக்குறது எப்பவும் பழைய சேதி. கோலாவுல 12 கிலோமீட்டர்ல 100 டிகிரி இருக்கும்னு எதிர்பார்த்தாங்க, 180 இருந்துச்சு, பாறை இளகி துளையை மூட ஆரம்பிச்சது, 12,262 மீட்டரோட நின்னுச்சு. ஜெர்மனி பவேரியாவுல கேடிபி கிணறு 1994ல 9101 மீட்டர்ல 265 டிகிரி கிட்ட நின்னுச்சு. இந்த ரெண்டும் ஆராய்ச்சிக்குப் போட்டது. கேஸுக்காகவே போட்டதுன்னா 1974ல ஓக்லஹோமாவுல பெர்த்தா ரோஜர்ஸ் கிணறு, 31,441 அடியில உருகின கந்தகத்துல போய் மாட்டிச்சு, அதோட நிறுத்திட்டாங்க.

வளைச்சு துளைக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைட் விஷ வாயு, உப்புப் படிவம் நகர்ந்து குழாயை நசுக்குறது எல்லாம் இன்னும் இருக்கு, அதுக்குத் தனியா எழுதணும்.

உங்க வகுத்தல் கணக்குக்கு வர்றேன். சீனாவுல தக்லமக்கான் பாலைவனத்துல தாரிம் படுகையில ஷெண்டி தாகே 1னு ஒரு கிணறு, 2023 மே 30 ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு உலகத்துல கிடைக்கிற நல்ல ரிக், நல்ல பிட், காசுக்கும் குறைவில்ல. 2024 மார்ச்ல 10,000 மீட்டரைத் தாண்டினாங்க, கிட்டத்தட்ட ஒன்பது மாசம். 10,910 மீட்டர்ல முடிஞ்சதுன்னு அறிவிச்சது 2025 பிப்ரவரியில. அந்தக் கடைசி 910 மீட்டருக்கு மட்டும் முதல் 10,000 மீட்டருக்கு ஆன காலத்தை விட அதிகம் ஆகியிருக்கு. அதனால 1000 அடிக்கு ஒரு நாள்னா 15,000 அடிக்கு 15 நாள்ங்கிற கணக்கு ஆழக் கிணத்துக்கு ஓடாது, இங்க கடைசி 1000 அடிக்கான நாளை முதல்ல தனியா எடுத்து வச்சுட்டுத்தான் மிச்சத்துக்கே திட்டம் போடுவாங்க.